மூன்றாம் தவணை

பேரணாம்பட்டில் இரவு ஒன்றேமுக்கால்.
நான்காம் டிரம் சுற்றுகிறது.
உள்ளே இருநூற்றுப் பத்து ஆட்டுத்தோல்
நீலத் தண்ணீரில் விழுந்து எழுந்து விழ,
எனக்கு நெஞ்சு எரிகிறது.

சாயங்காலம் ஆம்பூரில் முக்தியாரின் தங்கை கல்யாணம்.
சீரகச்சம்பா. கத்திரிக்காயில் புளி தூக்கல்.
இரண்டு தட்டு என் இஷ்டம்,
மூன்றாவது அவன் கட்டாயம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.
தின்ற கையோடு பஸ், பஸ்ஸோடு ஷிப்ட்.
குனிந்து குனிந்து மூட்டை தூக்கினால்
இரைப்பையின் மேல்வாய்
எவ்வளவு நேரம்தான் மூடியிருக்கும்?

"இன்னாபா பென்யமீன், மூஞ்சி இப்டி கீது?"
"ஒண்ணுமில்ல சாதிக், புளிச்சுகினு வருது."

பதினேழு வருஷமாக என் வேலையே
புளிப்பை இறக்குவது.
சுண்ணாம்பில் ஊறி மயிர் போன தோலுக்கு
உப்பும் அமிலமும் கொடுத்து
இரண்டே முக்காலுக்குக் கொண்டுவருவோம்.
அந்தப் புளிப்பில்தான் குரோமியம்
நாருக்குள் நடந்து நடுவரை போகும்.
போனதும் கதவைச் சாத்த வேண்டும்.
அதற்குச் சோடா,
பத்துப் பங்கு தண்ணீரில் கரைத்து
அரைமணிக்கு ஒரு தவணை, மூன்று தவணை.
ஒரேயடியாகக் கொட்டினால்
மேல்தோல் சுருங்கிச் சொரசொரக்கும்,
முதலாளி என் கூலியில் பிடிப்பார்.
ஒவ்வொரு தவணைக்கும் டிரம்
அச்சு ஓட்டை வழியாக ஏப்பம் விடும்.

என் வயிறு டிரம்மைவிட ஒரு படி கீழே. ஒன்றரை.
தானே காய்ச்சிக்கொள்கிறது,
கேன் வாங்காமல்,
மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் கையெழுத்து வாங்காமல்.
அதற்குச் சளிப்பூச்சு இருக்கிறது, தாங்கும்.
உணவுக்குழாய்
கையுறை போடாமல் தொட்டியில் கைவிட்ட
புது ஆள்.

சோடா மூட்டை பக்கத்திலேயே பிரிந்து கிடக்கிறது.
ஒரு சிட்டிகை, ஒரு டம்ளர் தண்ணீர்.
அமிலம் உப்பாகும், தண்ணீராகும்,
மிச்சம் காற்றாகி வாய்வழி வரும்.
கையை நீட்டிவிட்டேன்.
அகப்பையில் நீலம் படிந்திருந்தது.
குரோமைக் குடிக்க
நான் தோல் இல்லையே.

சாதிக்கிடம் டிரம்மை ஒப்படைத்து
ஆஸ்பத்திரி எதிரே ராத்திரிக் கடைக்கு நடந்தேன்.
நவநீதம் மேஜையில் கன்னம் வைத்துத் தூங்கினாள்.
கண்ணைத் திறக்காமலே எடுத்துக்கொடுத்தாள்
இளஞ்சிவப்புப் புட்டி.
"நல்லா குலுக்கிட்டுக் குடிங்க."
டிரம்காரனுக்குச் சொல்கிறாள்.

தெருவிளக்கில் லேபிள் படித்தேன்.
அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு.
ஒன்று மலத்தைக் கட்டும், ஒன்று இளக்கும்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று
ஒரே புட்டியில் குடிவைத்திருக்கிறார்கள்.
வேலை இரண்டுக்கும் ஒன்றே:
அலைகிற ஹைட்ரஜனைப் பிடித்துத் தண்ணீராக்குவது.
அலுமினியம் மூன்று பேரைப் பிடிக்கும்,
மெக்னீசியம் இரண்டு பேரை.
ஒரு மூடி விழுங்கினேன்.
புதினா தடவிய சாக்பீஸ்.

திரும்பினபோது இரண்டே முக்கால்.
மூன்றாம் தவணையைச் சாதிக் ஊற்றி முடித்திருந்தான்.
நாலு மணிக்கு ஒரு தோலை இழுத்து
கழுத்துப் பக்கம், தடிப்பான இடத்தில்,
பிளேடால் கீறிச் சொட்டு விட்டேன்.
மஞ்சள் என்றால் புளிப்பு பாக்கி,
நீலம் என்றால் மிஞ்சிப்போயிற்று.
பச்சை வந்தது. நடுவரை பச்சை.
நாலுக்குக் கொஞ்சம் குறைவு.

என்னைக் கீறிப் பார்க்க முடியாது.
எரிச்சல் தொண்டையிலிருந்து இறங்கி
நடுநெஞ்சில் வெதுவெதுப்பாக நின்றது.
அதைப் பச்சை என்று வைத்துக்கொண்டேன்.
மருந்தும் அங்கேதான் கொண்டுவந்து விடுமாம்,
நாலுக்குக் கொஞ்சம் குறைவாக.
அதற்குமேல் ஏறினால்
பிரியாணியை யார் செரிப்பது?

ஆறு மணிக்குத் தோல்களை இறக்கி
மரக்குதிரைமேல் அடுக்கினோம்.
இவற்றுக்கு இனி சோடா வேண்டாம்,
செருப்பாகிக் கப்பலேறிவிடும்.
எனக்குக் கேன்டீன் டீ வாசனைக்கே
உள்ளே ஊறத் தொடங்கிவிட்டது.

சைக்கிள் பையில்
முக்தியார் கட்டிக்கொடுத்த பார்சல் இருக்கிறது.
புட்டியைக் குலுக்கிப் பார்த்தேன்.
பாதிக்கு மேல் இருந்தது.